உறைபனி விழுவதற்குள் பூக்களைப் பறித்துவிடுங்கள்

உதகை, கொடைக்கானல் வீட்டுத் தோட்டங்களுக்கான ஐப்பசி ஆலோசனை

இரண்டாம் சீசன் முடிகிற இந்த நாட்களில் மலைவீட்டு முற்றங்கள் நிறைந்து பூத்திருக்கின்றன. டேலியா, சால்வியா, செண்டுமல்லி, காஸ்மாஸ், பெகோனியா எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்கின்றன. காலையில் புல்மேல் நீர்ப்பனி தங்கத் தொடங்கிவிட்டது. அடுத்து வருவது உறைபனி. பொதுவாக நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீடிக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் ஆண்டுகளில் டிசம்பருக்குத் தள்ளிப்போகும். எப்போது வந்தாலும், முதல் இரவிலேயே மென்மையான செடிகளைக் கருக்கிவிடும். செடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைக்கும் பூ யாருக்கும் உதவாமல் போகும் பருவம் இது. தயங்காமல் பறியுங்கள்.

எந்த இரவுக்கு அஞ்ச வேண்டும்?

மழை விட்டு, வானம் துடைத்ததுபோல் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கும் இரவுதான் ஆபத்தானது. மேகம் இருந்தால் நிலத்தின் வெப்பம் தங்கும், இல்லாவிட்டால் வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். உதகையில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களும், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய பகுதிகளும் முதலில் வெளுப்பது இதனால்தான். சரிவின் மேல்பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் கூடுதல் அவகாசம் கிடைக்கும். குன்னூர் உயரம் குறைவு. அங்கே அச்சமும் குறைவு.

முதலில் பறிக்க வேண்டியவை

டேலியா, ஜின்னியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, சால்வியா, பால்சம், பெகோனியா ஆகியவை உறைபனியைத் தாங்காது. இவற்றில் கை வையுங்கள். பேன்சி, டயாந்தஸ், அலிசம் ஓரளவு தாங்கும், அவை காத்திருக்கட்டும். செவ்வந்திச் செடி லேசான பனியைப் பொறுக்கும், ஆனால் விரிந்த இதழ் பழுப்பேறிவிடும்.

வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். டேலியா மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது; முக்கால்வாசிக்கு மேல் மலர்ந்ததையே எடுங்கள். தண்டை நல்ல சூடான, ஆனால் கொதிக்காத நீரில் நிறுத்தி ஆறவிட்டால் கூடுதல் நாள் வாடாமல் இருக்கும். கிளாடியோலஸை அடியில் இரண்டு பூ நிறம் காட்டும்போதே வெட்டலாம். மேலுள்ளவை வீட்டுக்குள் ஒவ்வொன்றாக விரியும். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். செண்டுமல்லி இலை ஊறினால் தண்ணீர் நாறும். இரு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஹைட்ரேஞ்சியா இதழ் காகிதம்போல் மொரமொரப்பானதும் வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுவதும் நிறத்தோடு இருக்கும்.

தீபாவளி மாலைக்கும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் வீட்டுப் பூவே போதும். இப்போது வெட்ட வெட்ட, பனி வரும்வரை காஸ்மாஸும் ஜின்னியாவும் மறுபடி அரும்பு விடும்.

அடுத்த ஆண்டுக்கு

செண்டுமல்லி, ஜின்னியா, காஸ்மாஸ் ஆகியவற்றில் நல்ல நிறமுள்ள சில பூக்களைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். ஜெரேனியம், பியூசியா தண்டுகளை அரைச் சாண் நீளத்துக்கு வெட்டி மணல் கலந்த மண்ணில் நட்டு, சன்னலோரம் வையுங்கள். டேலியா மேலே கருகியதும் தண்டை அரையடி விட்டு வெட்டுங்கள். நீர் தேங்கும் பாத்தியாக இருந்தால் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். வடிகால் நன்றாக இருந்தால் மண்ணிலேயே விட்டுச் சருகால் மூடினால் போதும்.

செடியில் மிஞ்சியவற்றுக்குக் காவல்

தெளிந்த வானம் தெரியும் நாளில் பிற்பகலிலேயே மண்ணுக்கு நீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தைப் பிடித்து இரவில் விடும். பொழுது சாயும் முன் பழைய சேலை, சாக்கு கொண்டு மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் அந்த இடமே கருகும். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு நாற்றுகளை மறைப்பது வழக்கம். வீட்டில் பெரணித் தழையால் அதையே செய்யலாம். தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். இலைமேல் பனி படிந்துவிட்டால் வெயில் படும் முன்பே நீர் தெளித்துக் கரையுங்கள். டேலியா தவிர மற்றச் செடிகளில் கருகிய நுனிகளைப் பிப்ரவரி முடியும்வரை வெட்டாதீர்கள். உள்தளிருக்கு அவையே மறைப்பு. தழைச்சத்து உரமும் இப்போது வேண்டாம். இளந்தளிர்தான் முதலில் கருகும்.

இந்த வாரமே கத்தரிக்கோலோடு தோட்டத்தில் இறங்குங்கள். வீட்டுக்கு ஒரு ஜாடி, அடுத்த வீட்டுக்கு ஒரு கட்டு, பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ ஒரு கூடை என்று பகிர்ந்து கொடுங்கள்.