அணைக்குப் போகுமுன் ஒரு பாடம்

விடுமுறை வந்தால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கடக்வாஸ்லாவுக்கும் பான்ஷேத்துக்கும் புறப்படுவது புணேத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். என்ன எடுத்துப் போவது என்று நாலு நாள் பேசுவோம். போகிற இடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற மழைக்காலத்தில் கடக்வாஸ்லாக் கரையில் சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு திரும்பினால், என் மகன் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறான்! சோளம் விற்ற மூதாட்டிதான் மராட்டியில் அதட்டி அவனைக் கரையேற்றினார். "அறுபத்தொன்றில் நான் சிறுமி. இந்தத் தண்ணீரின் கோபத்தைப் பார்த்தவள்" என்றார். அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய மூன்று அணைகளின் நீரும் கடக்வாஸ்லாவில் இறங்கித்தான் புணேக்கு வருகிறது. அம்பி ஆற்றின் குறுக்கே எழுப்பிய மண் அணையான பான்ஷேத், வேலை முடியுமுன்பே 12-7-1961 காலையில் உடைந்தது. அந்த வெள்ளத்தைத் தாங்காமல் கீழேயிருந்த கடக்வாஸ்லாவும் உடைந்தது. முட்டா ஆற்றங்கரையில் சனிவார் பேட்டை, நாராயண் பேட்டை போன்ற பகுதிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் குடிநீர்ப் பஞ்சம்! நீரைத் தேக்கி வைத்த அணையே போய்விட்டதல்லவா? பின்னர் இரண்டையும் மீண்டும் கட்டினார்கள்.

பழங்கதை என்று எண்ண வேண்டாம். 30-6-2024 அன்று லோணாவளாவில் பூஷி அணையருகே திடீரெனப் பெருகிய நீர், புணேக் குடும்பம் ஒன்றில் ஐந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

எனவே இவ்வாண்டு எங்கள் திட்டம் இது: மழை ஓய்ந்தபின் நவம்பரில் போவது, முதல்நாளே அணை நீர் திறப்புச் செய்தியைப் பார்ப்பது, பிள்ளைகளைக் கவனிக்க மட்டும் பெரியவர் ஒருவரை நியமிப்பது, தண்ணீரில் இறங்காமல் கரையில் அமர்ந்து உண்பது, எச்சில் இலையையும் பிளாஸ்டிக்கையும் வீட்டுக்கே கொண்டுவருவது. அது நம் வீட்டுக் குழாயில் வரும் நீர்.

இன்னொன்றும் மகனுக்குச் சொன்னேன். முட்டா முளாவோடு கலந்து பீமாவில் சேர்கிறது. பீமா கிருஷ்ணாவில் சேர்கிறது. மகாராஷ்டிரம் உள்ளிட்ட மூன்று மாநிலங்கள் விட்டுக்கொடுத்த கிருஷ்ணா நீர், 1996 முதல் பூண்டி வழியாகச் சென்னைக்கும் போகிறது.

"அப்படியானால் தாத்தா வீட்டுத் தண்ணீரும் இதற்குச் சொந்தமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கரையிலேயே உட்காருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.