பிழையைத் திருத்திக்கொண்டார்கள், பணம் தர மறுக்கிறார்கள்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். குழந்தை பிறந்தபின் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் டெஸ்டராக இருக்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்றின் மொபைல் செயலியைச் சில மாதங்கள் சோதித்துக் கொடுத்தேன். ஏற்கப்படும் ஒவ்வொரு பக்குக்கும் (பிழைக்கும்) 400 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம். சுமார் 150 பக்குகளை 'டூப்ளிகேட்', 'ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை' என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த வெர்ஷனில் பார்த்தால் அவற்றில் பல சரிசெய்யப்பட்டிருக்கின்றன. கேட்டால், "எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லையே" என்கிறார்கள். 60 ஆயிரம் ரூபாய் எனக்குக் கிடைக்குமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த வாட்ஸ்அப் உரையாடலே உங்கள் ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமே செல்லும். மின்னணு வழியில் முடிவானது என்பதற்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு.

சிக்கல் வேறு இடத்தில். எது ஏற்கத்தக்கது என்று சொல்லும் உரிமையை அவர்களிடமே விட்டுவிட்டீர்கள். அதற்காக இஷ்டம்போல் தள்ளிவிடலாம் என்று ஆகாது. நீங்கள் சொன்னபின் அந்தப் பிழையைத் திருத்தி வெளியிட்டிருந்தால், செயலால் ஏற்றுக்கொண்டார்கள் என்று வலுவாக வாதாடலாம். அந்த வாதம் எடுபடாவிட்டாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும். டூப்ளிகேட் என்றால் முன்பே பதிவான பக்கின் எண்ணும் தேதியும் இருந்தாக வேண்டும். அவற்றைக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். உண்மையாகவே டூப்ளிகேட்டாக இருப்பவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நீங்கள் பதிந்த பக்குகளின் எண், தேதி, ஸ்கிரீன்ஷாட், உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் இவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கோபத்தில் ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: லாகின் இன்னும் வேலை செய்கிறதே என்று நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் போய் எதையும் அழிக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கிறது. கோவை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தீர்க்கவும் அங்கே வழியுண்டு. பேச்சு பலிக்காவிட்டால் சிவில் வழக்கு. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

குறைந்தபட்சக் கூலி விதிகள் உங்களுக்கு உதவாது, நீங்கள் ஊழியர் அல்ல. ஆகவே நியாயமான கூலியை நீங்களேதான் பேசி வாங்க வேண்டும். பக் கணக்கில் கூலி என்ற ஏற்பாடே அநியாயம் என்பது என் கருத்து. நாள் முழுக்கச் சோதித்து, எங்கும் உடையவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்பித்தான் நிறுவனம் செயலியை வெளியிடுகிறது. அந்த நாளுக்குச் சம்பளம் பூஜ்யமா? இனி மணிக்கணக்கில் பேசுங்கள். பக் கணக்குதான் என்று அடம்பிடித்தால், ஏழு நாளில் காரணம் சொல்லி மறுக்காத பக் ஏற்கப்பட்டதாகும் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும் முன் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி அதன்பின் 45 நாளுக்கு மேல் எவரும் உங்கள் பணத்தை இழுத்தடிக்க முடியாது; இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும்.