மயக்கம் தெளிந்தால்தான் பயிற்சி

அன்புள்ள தம்பிக்கு,

வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பி உட்காரவைப்பது கொடுமையில்லையா என்று கேட்டிருந்தாய். பிசியோதெரபி படிக்கிற உனக்கே இந்தத் தயக்கம் என்றால், நோயாளியின் வீட்டாருக்கு இருப்பதில் வியப்பில்லை. உடம்பு முடியாதவர் படுத்திருக்கட்டும் என்பதுதானே நம் வழக்கம். ஆனால், படுத்திருப்பதாலும் உடம்பு கெடுகிறது. லண்டன் ஆய்வாளர்கள் 63 ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் சுருங்கியிருந்தது. நோயின் அழற்சி ஒருபக்கம் தசையைக் கரைக்கிறது; அசையாமல் கிடப்பது மறுபக்கம் கரைக்கிறது. முன்னதற்கு மருத்துவர் இருக்கிறார். பின்னதுதான் உன் வேலை.

அந்த வேலைக்குப் பலன் உண்டா? சிகாகோ, அயோவா மருத்துவமனைகளில் 104 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வென்டிலேட்டர் வைத்த முதல் மூன்று நாளுக்குள் பயிற்சியில் சேர்க்கப்பட்டவர்களில் 59 சதவீதத்தினர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். மனக்குழப்பம் நீடித்த நாட்களும் பாதியாகக் குறைந்தன. ஆனால், பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அங்கே தினமும் மயக்க மருந்தை நிறுத்தி, நோயாளி விழித்த வேளையில்தான் பயிற்சி கொடுத்தார்கள். கட்டிலோரம் கால் தொங்க உட்காரவைப்பது என்றால் ஒருவர் தொண்டைக் குழாயைப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் முதுகைத் தாங்க வேண்டும், மானிட்டரில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று ஒரு கண் இருக்க வேண்டும். இத்தனை செய்தும் நோயாளி தூக்கத்தில் இருந்தால் அவர் பங்கு அதில் ஏதுமில்லை.

2022-இல் வந்த ‘டீம்’ ஆய்வை நீ எதிர்வாதமாகக் காட்டலாம். நியாயம்தான். 750 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்கள் கூடவில்லை. இதயத் துடிப்பு தடுமாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற பாதகங்கள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 ஆக ஏறின. இதைப் பார்த்துப் பயிற்சியே வேண்டாம் என்பவர்கள் அவசரப்படுகிறார்கள். ஒப்பிடப்பட்ட பிரிவினரும் சும்மா கிடக்கவில்லை. தினம் சுமார் 9 நிமிடம் அவர்களுக்கும் பயிற்சி இருந்தது, மற்றவர்களுக்கு 21 நிமிடம். ஆகவே அந்த ஆய்வு அளவைப் பற்றித்தான் பேசுகிறது. முடியாதவரை விரட்டாதே என்கிறது. தொடாதே என்று சொல்லவில்லை.

ஐ.சி.யூ.வில் உனக்குப் பணி போட்டால், கட்டிலருகே போகுமுன் நர்ஸிடம் ஒன்று கேள்: இன்று மயக்க மருந்தை எத்தனை மணிக்கு நிறுத்துகிறீர்கள்? உன் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்.