மயங்கொலிச் சொற்களை வேறுபடுத்துவதில் புணர்ச்சியும் இறந்தகால வடிவமும்: காஞ்சிபுரம் வட்டாரச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ல, ள, ழ. ண, ன, ந. ர, ற ஆகிய எட்டு எழுத்துகளால் தோன்றும் சொல் மயக்கத்தைப் பள்ளி இலக்கணம் பெரும்பாலும் சொற்பட்டியல் வழியாகவே கற்பிக்கிறது. ஒரு நிலையில் ஒலிப்பால் மயங்கும் எழுத்து, அதே சொல்லின் வேறொரு வடிவத்தில் தெளிவாகத் தன்னை வெளிப்படுத்துவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. புணர்ச்சி, இறந்தகால வினைவடிவம், வேற்றுமை ஏற்கும்போது நிகழும் இரட்டித்தல் ஆகிய மூன்றையும் கண்டறியும் கருவிகளாகக் கொள்ளலாம் என்பதும், அக்கருவிகள் செல்லாத இடம் எது என்பதும் ஐயங்கார்குளம், உத்திரமேரூர் முதலிய ஊர்களோடு தொடர்புடைய சொற்களின்வழி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

மயங்கொலி, புணர்ச்சி, இறந்தகால வடிவம், ஊர்ப்பெயர், எழுத்துப்பெயர்ப்பு.

முன்னுரை

ஒலிப்பால் நெருங்கிப் பொருளால் விலகி நிற்கும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் ‘லூஸ்’ என்னும் ஒலிப்பில் இரு சொற்களைக் காண்கிறார். ஒன்று ‘இழத்தல்’ என்னும் வினை. மற்றொன்று ‘தளர்ந்த’ என்னும் அடை. ஆங்கிலத்தில் இவற்றின் இறுதி ஒலி வேறு வேறு. அவ்வேறுபாட்டைக் காட்டும் எழுத்து தமிழில் இல்லாமையால் இரண்டும் நம் காதில் ஒன்றாகின்றன. ‘அட்வைஸ்’ என்பதும் இத்தகையதே. அறிவுரை என்னும் பெயருக்கும் அறிவுரை கூறுதல் என்னும் வினைக்கும் ஈற்றயல் எழுத்து மாறும். ஆங்கில ஆசிரியர் இங்கு ஒரு சோதனையைக் கற்பிக்கிறார்: அச்சொல் இறந்தகால ஈற்றை ஏற்குமாயின் அது வினை, ஏற்காதாயின் பெயர். சொல்லைத் தனியே பார்க்காமல், அது எவ்வாறு வடிவம் மாறுகிறது என்பதைக் கொண்டு எழுத்தைத் துணிவதே அச்சோதனையின் உயிர்.

தமிழ் மயங்கொலிகளுக்கு இத்தகைய சோதனைகள் ஆங்கிலத்தைவிட மிகுதியாகவே உண்டு. அவை இலக்கண நூல்களில் புணர்ச்சி விதிகளாக ஏற்கெனவே அமைந்துள்ளன. எனினும் மயங்கொலிப் பாடமும் புணர்ச்சிப் பாடமும் வகுப்பறையில் தனித்தனியே நின்றுவிடுகின்றன. இரண்டையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபிலக்கணம் காட்டும் அடிப்படை

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், லகர ளகரங்களை நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைச் சேரப் பிறப்பனவாக ஓரிடத்தில் வைத்து, ஒற்றுதலால் லகரமும் வருடுதலால் ளகரமும் தோன்றும் எனப் பிரிக்கிறது. ரகர ழகரங்கள் நாநுனி மேல் எழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பன. முயற்சியில் சிறிதளவே வேறுபடும் இவ்வொலிகள் விரைந்த பேச்சில் மயங்குவது வியப்பன்று. பேச்சுத் தமிழில் ழகரம் ளகரமாதல் பரவலான வழக்கு. மழை ‘மள’ என்றும் பழம் ‘பளம்’ என்றும் ஒலிக்கின்றன.

பிறப்பிடத்தில் இணைந்து நிற்கும் லகர ளகரங்கள், புணர்ச்சியில் இரு வேறு திசைகளில் செல்கின்றன. தொல்காப்பியப் புள்ளிமயங்கியலும் நன்னூல் மெய்யீற்றுப் புணரியலும் இதனை விரிவாகக் கூறுகின்றன. வல்லினம் வரின் லகரம் றகரமாகவும், மெல்லினம் வரின் னகரமாகவும் திரியும். அவ்விடங்களில் ளகரம் முறையே டகரமாகவும் ணகரமாகவும் திரியும். ழகரம் பெரும்பான்மையும் திரியாது நிற்கும். ஆகவே ல–ற–ன ஓர் அணி. ள–ட–ண மற்றோர் அணி. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என வழங்கும் எழுத்துப் பெயர்களும் ண்ட, ன்ற, ந்த என்னும் இணைப்புகளைத் தம்முள் கொண்டு இவ்வுறவையே நினைவூட்டுகின்றன.

முதற் கருவி: புணர்ச்சி

ஒரு சொல்லின் இறுதி லகரமா ளகரமா என்னும் ஐயம் எழுந்தால், அச்சொல் இடம்பெறும் தொடர்ச்சொல் ஒன்றை நினைவுகூர்தல் போதும். கடற்கரை, கற்சிலை, சொற்பொருள் ஆகியவற்றில் றகரம் தோன்றுதலின் கடல், கல், சொல் என்பன லகர ஈறு. முட்செடி, நாட்குறிப்பு, பொருட்செல்வம், மக்கட்பேறு ஆகியவற்றில் டகரம் தோன்றுதலின் முள், நாள், பொருள், மக்கள் என்பன ளகர ஈறு. மெல்லினப் புணர்ச்சியும் இவ்வாறே துணைசெய்யும். மாமல்லபுரத்துத் திருத்தலப் பெயரான கடன்மல்லை, கடல் என்பதன் லகரத்துக்குச் சான்று. அருண்மொழி என்னும் பெயரின் ணகரம், அருள் என்பதன் ளகரத்துக்குச் சான்று. ‘அருல்’ என்பது மூலமாயின் அப்பெயர் ‘அருன்மொழி’ என்றன்றோ அமைதல் வேண்டும்?

மூக்கொலி ஈறுகளுக்கும் இக்கருவி பொருந்தும். மட்குடம் என்பதால் மண் என்பதில் டண்ணகரமும், பொற்குடம் என்பதால் பொன் என்பதில் றன்னகரமும் உறுதியாகின்றன.

இரண்டாம் கருவி: இறந்தகால வடிவம்

தொடர்ச்சொற்கள் எழுத்து வழக்கைச் சார்ந்தவை. தொடக்கநிலை மாணவருக்கு அவை அறிமுகமாகாமல் இருக்கலாம். வினைச்சொற்களுக்கு இதனினும் எளிய வழி உண்டு. லகர ஈற்று வினைகள் பல ன்ற் அல்லது ற்ற் என இறந்தகாலம் கொள்ளும்: கொல்–கொன்றான், வெல்–வென்றான், முயல்–முயன்றான், கல்–கற்றான், வில்–விற்றான். ளகர ஈற்று வினைகள் பல ண்ட் அல்லது ட்ட் எனக் கொள்ளும்: கொள்–கொண்டான், ஆள்–ஆண்டான், மீள்–மீண்டான், கேள்–கேட்டான். ழகர ஈற்று வினைகள் பல தம் எழுத்தைக் காத்துக்கொண்டு ந்த் ஏற்கும்: வாழ்–வாழ்ந்தான், தாழ்–தாழ்ந்தான், சூழ்–சூழ்ந்தான். மூக்கொலி ஈறுகளிலும் உண்–உண்டான், தின்–தின்றான் என வேறுபாடு தெளிவாகும்.

பேச்சுவழக்கும் இவ்வேறுபாட்டை இழந்துவிடவில்லை. கொன்றான் ‘கொன்னான்’ எனவும், தின்றான் ‘தின்னான்’ எனவும், விற்றான் ‘வித்தான்’ எனவும் மாறினும், ஆண்டான், கேட்டான் என்பவை டகரம் பெற்றே நிற்கின்றன. கொல்லையும் கொள்ளையும் எழுத்தில் மாற்றி எழுதும் மாணவரும், ‘கொன்னான்’ என்னும் இடத்தில் ‘கொண்டான்’ என்று சொல்வதில்லை. ஏட்டில் மயங்கும் வேறுபாடு அவர் பேச்சின் இலக்கணத்தில் குலையாமல் இருக்கிறது. அவரிடம் இல்லாத ஒன்றைப் புகுத்துவதாக அன்றி, அவரிடம் இருப்பதை அவருக்கே காட்டுவதாக மயங்கொலிப் பாடம் அமைய இதுவே காரணம்.

அருள்–அருளினான் என இன் இடைநிலை ஏற்பனவற்றில் ஈறு திரிவதில்லை. அங்கு இக்கருவி பயன்படாது. சொல்–சொன்னான் என்பது பொது அமைப்பிலிருந்து சற்று விலகினும், தோன்றும் மூக்கொலி றன்னகரமே ஆதலின் லகர அணிக்குப் புறம்பாவதில்லை.

மூன்றாம் கருவி: றகரம் இரட்டித்தல்

உயிரிடையே வரும் ரகரமும் றகரமும் இன்று பல வட்டாரங்களில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆயினும் ரகர ழகரங்கள் தம்முன் தாம் வந்து இரட்டிக்கா எனத் தொல்காப்பிய நூன்மரபு வரையறுக்கிறது. றகரத்துக்கு அத்தடை இல்லை. இவ்விதியே மூன்றாம் கருவிக்கு அடிப்படை.

ஐயங்கார்குளத்தில் தூண்களுடைய நிலத்தடி மண்டபத்தோடு அமைந்த நடவாவிக் கிணறு உள்ளது. சித்திரைப் பௌர்ணமியில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் எழுந்தருளும் இடம் அது. கிணறு என்பதில் ரகரமா றகரமா என ஐயுறுவோர், அதனை ஏழாம் வேற்றுமையில் வைத்துக் காணலாம். கிணற்றில் என இரட்டிப்பதால் றகரம் உறுதியாகிறது. பாலாறு–பாலாற்றில், சேறு–சேற்றில், வயிறு–வயிற்றில் என்பனவும் அவ்வாறே. பேச்சில் ‘ஊரு’, ‘ஆறு’ இரண்டும் ஒத்து ஒலித்தாலும், வேற்றுமை ஏற்கும்போது ‘ஊர்ல’, ‘ஆத்துல’ எனப் பிரிந்துவிடுகின்றன.

வினையிலும் இது செல்லும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்ததைக் கூறுவன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். நீர்நிலையைக் குறிக்கும் ஏரியும், ஏறுதலிலிருந்து பிறந்த எச்சமாகிய ஏறியும் இன்றைய ஒலிப்பில் வேறுபடுவதில்லை. ஏறு என்பதற்கு ஏற்று என்னும் பிறவினை உண்டு. ஆதலால் எச்சத்தில் வருவது றகரம். ஏரிக்கு அத்தகைய உறவுச்சொல் இல்லை.

இக்கருவி ஒருவழிப்பட்டது என்பதையும் சுட்டுதல் வேண்டும். இரட்டித்தால் அது றகரமே. இரட்டிக்காமையால் மட்டும் ரகரம் எனத் துணிதல் கூடாது. ஆறு என்பது எண்ணைக் குறிக்குமிடத்து ‘ஆறில் ஒரு பங்கு’ என இரட்டிக்காது வருதல் காண்க.

கருவிகள் செல்லாத இடம்

மேற்கண்ட கருவிகளுள் முதல் இரண்டும் சொல்லின் ஈற்றெழுத்துக்கே உரியன. மயங்கும் லகர ளகரம் சொல்லின் இடையே நின்றால் அது திரிபடைவதில்லை. ஐயங்கார்குளம் என்னும் ஊர்ப்பெயர் இதற்குத் தக்க சான்று. குளம், குலம் இரண்டும் மகர ஈற்றுப் பெயர்கள். குளத்தில்–குலத்தில், குளத்தை–குலத்தை என ஒரே வாய்பாட்டில் வேற்றுமை ஏற்பவை. இலக்கண வடிவம் எதுவும் இவற்றைப் பிரித்துக் காட்டாது.

பொதுவாக இத்தகைய இடங்களில் தொடர்ப்பொருள் கைகொடுக்கும். ‘ஏறி வாரியம்’ என எழுதினால் பொருள் பொருந்தாமையே பிழையைக் காட்டிவிடும். ‘ஐயங்கார்குலம்’ என எழுதினாலோ அது பொருளுள்ள தொடராகவே அமைந்துவிடுகிறது. ஊரை அறியாதவர் அதில் பிழை காண வாய்ப்பில்லை. விசயநகர அரசர் காலத்து வைணவ ஆசாரியர் இலட்சுமிகுமார தாத்தாச்சாரியாரோடு தொடர்புபடுத்தப்படும் பெருங்குளமும் அதனருகில் உள்ள சஞ்சீவிராயர் கோயிலும் அவ்வூரின் அடையாளம். ஓர் எழுத்து மாறினால் நீர்நிலையால் பெற்ற பெயர் மரபுவழியால் பெற்ற பெயராகிவிடும். ஊரின் வரலாறே வேறாகப் பொருள்படும்.

உரோமன் எழுத்து இம்மயக்கத்தைப் பெருக்குகிறது. வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்து. பெரியகுளமும் குருகுலமும் அங்கு ஒரே ஈறு பெறுகின்றன. வேலூர், கீழ்வேளூர் ஆகியவற்றின் வேறுபாடும் மறைகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) புள்ளியும் கோடும் இட்டு இவற்றைப் பிரித்துக் காட்டியது. அம்முறை அலுவலக வழக்குக்கு வரவில்லை. 2020ஆம் ஆண்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, மாறுபட்ட கருத்துகள் எழுந்தமையால் அதே ஆண்டு சூன் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில வடிவத்திலிருந்து பெயரை மீண்டும் தமிழாக்கும் கணினிச் செயற்பாட்டில், எவ்வெழுத்தைத் தேர்வது என்பதற்கு அவ்வடிவத்துக்குள் சான்று இல்லை. எனவே சான்றிதழ், நில ஆவணம் முதலியவற்றில் ஊர்ப்பெயரைத் தமிழ் மூலத்திலிருந்தே எடுத்தெழுதுதல் இன்றியமையாதது.

முடிவுரை

மயங்கொலிச் சொற்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஈற்றில் மயங்குவனவற்றைப் புணர்ச்சியும் இறந்தகால வடிவமும் தெளிவாக்கும். றகரத்தை இரட்டித்தல் காட்டும். இடையில் மயங்குவனவற்றைத் தொடர்ப்பொருள் தெளிவாக்கும். அப்பொருளும் உதவாத ஊர்ப்பெயர், ஆட்பெயர்களுக்கு நேரடி அறிவே துணை.

கற்பித்தலிலும் இவ்வரிசையைப் பின்பற்றுதல் நன்று. மாணவர் பேசும் இறந்தகால வடிவங்களிலிருந்து தொடங்கி, தொடர்ச்சொற்களுக்குச் சென்று, விதியை அவரே உணர்ந்தபின் நூற்பாவை அறிமுகப்படுத்தலாம். மனனம் செய்யவேண்டிய பட்டியல் இதனால் சுருங்கும். எஞ்சும் சொற்களுக்கு உரிய கவனம் கிட்டும். தம் ஊர், தெரு, ஏரி, குளம் ஆகியவற்றின் பெயர்களை மாணவர் பொருளறிந்து பிழையின்றி எழுதப் பழகுவதை அப்பாடத்தின் முதற்பயிற்சியாகக் கொள்ளலாம்.