குழந்தையின் முதல் மூன்று வருஷங்கள்

நாற்றங்காலில் நாற்று வெளுத்திருந்தால் குடியானவன் நடவு வரையில் காத்திருப்பதில்லை. நாற்றில் பட்ட வாட்டம் பிறகு எவ்வளவு எரு இட்டாலும் முழுவதும் தீராது என்பதை அவன் அறிவான். அதே குடியானவன் தன் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை மெலிந்து கிடக்கையில், பள்ளிக்கூடம் போகும் வயதில் தானாகத் தேறிவிடும் என்று சொல்லி விட்டுவிடுவது கிராமாந்தரங்களில் சாதாரணம். குழந்தை தேறியதுபோல் தோன்றுவதும் உண்டு. ஆனால் அந்த வயதில் உண்டான நஷ்டம் பிற்காலத்தில் எவ்வளவாகிறது என்பதை முப்பது வருஷங்களுக்கு மேல் விடாமல் கணக்கெடுத்துப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா தேசத்தில், ஏழை விவசாயிகள் வசிக்கும் நான்கு கிராமங்களில் 1969-ஆம் வருஷம் ஒரு பரிசோதனை ஆரம்பமாயிற்று. அதை நடத்தியது அப்பிரதேசத்துப் போஷாக்கு ஆராய்ச்சி ஸ்தாபனம். இரண்டு கிராமங்களில் தினம் இரு வேளை, முற்பகலிலும் பிற்பகலிலும், ‘அத்தோலே’ என்னும் கஞ்சி இலவசமாக வழங்கப்பட்டது. மக்காச்சோளமும் பருத்திக்கொட்டை மாவும் சேர்ந்த சத்துமாவு, ஆடை நீக்கிய பால் பவுடர், சர்க்கரை ஆகியவை அதில் அடங்கும். ஏறக்குறைய ஓர் ஆழாக்கு கொள்ளும் ஒரு கிண்ணத்தில் 11 கிராமுக்கு மேல் புரதம் இருந்தது. மற்ற இரண்டு கிராமங்களில் ‘ஃபிரெஸ்கோ’ என்னும் இனிப்புப் பானம் கொடுத்தார்கள். அதில் புரதம் கிடையாது. வைத்திய உதவி நான்கு ஊர்களுக்கும் ஒரே விதமாக அளிக்கப்பட்டபடியால், பின்னால் கண்ட வித்தியாசத்துக்கு மருந்தைக் காரணம் காட்ட இடமில்லை. ஊரார் எவரும் வந்து குடிக்கலாம். ஆனால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடித்த அளவு தினந்தோறும் எழுதிவைக்கப்பட்டது. இவ்விதம் எட்டு வருஷங்கள் நடந்து, 1977-இல் கஞ்சி நின்றது.

2002 முதல் 2004 வரையில் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குழந்தைகளைத் தேடிச் சென்றபோது, அவர்கள் குடும்பஸ்தர்களாகிக் கூலிக்கும் தொழிலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வயதுக்குள் அத்தோலே கிடைக்கப்பெற்ற ஆண்களின் மணிக்கூலி மற்ற ஆண்களுடையதைவிடச் சராசரி 46 சதவிகிதம் உயர்ந்திருந்தது. மூன்று வயது கடந்த பிறகே அந்தக் கஞ்சியைக் கண்டவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பெண்களுக்குக் கூலியில் உயர்வு காணப்படவில்லை. அவர்களில் பலர் வீட்டோடு ஒட்டிய சொற்ப வருமானத் தொழில்களையே செய்துவந்தார்கள். எனினும் படிப்பில் அவர்கள் ஒரு வகுப்புக்கு மேல் முன்னேறியிருந்தார்கள். அவர்கள் பெற்ற குழந்தைகளும் பிறக்கும்போதே சற்று அதிக எடையுடன் பிறந்தன.

கஞ்சி ஒன்றே, பலன் மட்டும் வயதுக்கு வயது மாறியதேன்? பிறந்த குழந்தையின் மூளை, அளவில் பெரியவர் மூளையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இரண்டு வயது நிரம்பும்போது அது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. எலும்பு மிக வேகமாக நீள்வதும் இக்காலத்திலேதான். இரும்புச் சத்தும், அயோடின் சேர்ந்த உப்பும், புரதமும் அந்த வேலைக்கு வேண்டிய சாமான்கள். சுவர் எழும்பும்போது கிடைக்காத செங்கல் கூரை போட்ட பிறகு வந்து என்ன பயன்?

நம் வீடுகளில் வாட்டம் பெரும்பாலும் தொடங்குவது ஆறு மாதத்துக்குப் பிறகு. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும்; தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதற்கு மேல் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் அவசியம். அப்போது கொடுக்கப்படுவது பல வீடுகளில் தெளிந்த கஞ்சித் தண்ணீர். குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிரம்பிவிடும், தேகத்தில் சத்து சேராது. கெட்டியாகக் காய்ச்சினாலோ குழந்தை விழுங்காது. இதற்கு முளைகட்டிய கேழ்வரகு நல்ல உபாயம். தானியம் முளைவிடும்போது மாச்சத்தை உடைக்கும் ஒரு பொருள் அதில் உண்டாகிறது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் உலர்த்தி, மிக இலேசாக வறுத்து மாவாக்கிக்கொள்ள வேண்டும். அதிகம் வறுத்தால் அந்தச் சக்தி கெட்டுவிடும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, சற்று ஆறியபின் இம்மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறினால் சில நிமிஷங்களில் இளகிவிடும். மறுபடி ஒரு கொதி விட்டு ஊட்டலாம். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் குழந்தைக்கு ஒவ்வொரு வாயிலும் தானியம் போய்ச் சேருகிறது. வேகவைத்து மசித்த பருப்பும் கீரையும் ஒரு சொட்டு எண்ணெயும் இதோடு சேர்ந்தால் விசேஷம்.

பால் சங்கத்து அங்கத்தினர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறப்பவனை ஊரே ஏசும். ஆனால் கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஓர் ஆழாக்குக்கூட வைக்காதவனை யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகாரம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஜமைக்கா தீவிலிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள் 1986, 1987 வருஷங்களில் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள அவர்களில் சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குப் பழக்குவது, சிலருக்கு இரண்டும், எஞ்சியவர்களுக்கு இவை ஒன்றும் இல்லை. விளையாட்டுச் சாமான்களெல்லாம் வீணான டப்பா, அட்டை போன்றவற்றால் செய்தவை. இரண்டு வருஷம் நடந்த இந்த ஏற்பாட்டில் பேச்சும் விளையாட்டும் பெற்ற குழந்தைகள், 22 வயதில், பெறாதவர்களைவிட 25 சதவிகிதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஆகாரம் மட்டும் பெற்றவர்களிடம் அவ்வித நிலையான பலன் தெரியவில்லை. இதைக்கொண்டு ஆகாரம் வேண்டுவதில்லை என்று முடிவு செய்வது பிசகு. குவாதமாலாவில் கஞ்சி தாயின் கர்ப்பத்திலிருந்தே தொடங்கிற்று. ஜமைக்காவிலோ குழந்தைகள் ஏற்கெனவே குன்றியவர்கள், கொடுத்த உணவில் ஒரு பகுதி வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்காகியிருக்கலாம் என்றும் கருதப்படுகிறது.

பேச்சுக்குக் காசு செலவில்லை. ஆனால் நேரம் வேண்டும். களையெடுப்புக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு அது சுலபமல்ல. திண்ணையில் இருக்கும் தகப்பனும் பாட்டனும் குழந்தையிடம் காக்கையைக் காட்டிப் பெயர் சொல்வதையும், அது குழறுவதற்குப் பதில் பேசுவதையும் பெண்களின் வேலை என்று ஒதுக்குவதில் நியாயமில்லை.

வாட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். தெருவிலுள்ள குழந்தைகள் எல்லாம் சிறுத்திருந்தால் சிறுத்ததே அளவாகத் தோன்றும். இதற்காகத்தான் 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய போஷாக்குத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைப் பொறுக்கியெடுத்துச் சுமார் 90 நாள் சத்துணவு கொடுத்தார்கள். மெலிந்தது கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், ஏறுவது நின்றதையே அபாயமாகக் கொண்டது அத்திட்டத்தின் சிறப்பு. இன்று அங்கன்வாடியில் குழந்தைகளை நிறுக்கிறார்கள். எடையைக் குறிக்கும் அட்டையைத் தாய் மட்டுமன்றித் தகப்பனும் வாங்கிப் பார்க்கலாம். கோடு இரண்டு மாதமாக மேலேறாமல் நின்றிருந்தால், கழிச்சலோ காய்ச்சலோ வந்து போயிற்றா, அந்நாட்களில் ஆகாரம் நிறுத்தப்பட்டதா, அடுத்த பிரசவத்தை முன்னிட்டுத் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டதா என்று விசாரித்து, அந்த வாரமே குழந்தையைச் சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.