மூலநிரல் என்னும் பொதுச்சொத்து

உரைநடை உலகம்

நுழையும்முன்

கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதன் உள்ளமைப்பை அறிந்து பழுது நீக்கத் தெரிந்தவர் சிலர். கணினியின் உள்ளே இயங்கும் நிரலைத் தாமே திறந்து படித்து, தம் தேவைக்கேற்பத் திருத்தி, திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்களது பொழுதுபோக்கு தமிழைத் திரையில் ஏற்றிய வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றின்மேல் ஓர் அறம்

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்வோர் தாமிரபரணியைக் கடந்து வண்ணார்பேட்டையை அடைகின்றனர். அவர்களைக் கரைசேர்ப்பது சுலோசன முதலியார் பாலம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பிய அப்பாலம் 1843ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. கட்டியவர் ஒருவர், கடப்பவர் ஊரார் அனைவரும். வெள்ளத்தால் பழுதுற்றபோது பின்வந்தோர் சீரமைத்தனர். போக்குவரத்துப் பெருகியபோது அகலப்படுத்தினர். முதலில் கட்டியவரின் பெயரோ இன்றளவும் நிலைத்திருக்கிறது.

ஒருவர் தொடங்கிவைத்ததைப் பலர் பேணி வளர்த்து, எல்லாரும் துய்ப்பது பொதுச்சொத்தின் இயல்பு. கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன பாலத்திற்குரிய இவ்வியல்பு, கண்ணுக்குப் புலப்படாத கணினி நிரலுக்கும் உண்டு. அத்தகைய நிரல்களே கட்டற்ற மென்பொருள்கள் எனப்படுகின்றன.

மூடிய பெட்டியும் திறந்த ஏடும்

கணினியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து ஆளும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் ஆகும். விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொண்டுசெல்வதும், கோப்பை வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் அதன் பணிகள். மனிதர் படித்துப் பொருள்கொள்ளத்தக்க கணினி மொழியில் முதலில் எழுதப்படுவது மூலநிரல். அதனை எந்திரம் நேரடியாகச் செயற்படுத்தும் ஈரெண் வடிவிற்கு மாற்றும் மென்பொருள் நிரல்பெயர்ப்பி. சமையற்குறிப்பு மூலநிரல் என்றால், சமைத்த உணவு ஈரெண் நிரல். உணவை மட்டும் உண்டவரால் அதன் பக்குவத்தை எளிதில் கண்டுபிடித்துவிட முடியாது.

வணிக நிறுவனங்கள் பல ஈரெண் நிரலை மட்டுமே விற்கின்றன, மூலநிரலை மறைத்துவைக்கின்றன. இதனால் விளையும் இடர்ப்பாட்டை அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன் நேரில் உணர்ந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும்படி அவர் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதிதாக வந்த அச்சுப்பொறிக்கு மூலநிரல் கிடைக்கவில்லை. பழுதை நீக்கும் அறிவு இருந்தும் உரிமை இல்லாமற்போயிற்று.

அவர் 1983ஆம் ஆண்டு குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எந்நோக்கத்திற்கும் இயக்குதல், மூலநிரலைக் கற்றுத் திருத்துதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளைப் பயனருக்கு அளிப்பதே கட்டற்ற மென்பொருள் என வரையறை செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் இலவசத்தையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் அங்கே நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் கட்டற்றதாக இருக்கலாம். விலையின்றிக் கிடைத்ததும் கட்டுண்டதாக இருக்கலாம்.

பொழுதுபோக்கில் பிறந்த உட்கரு

குனு திட்டத்தினர் நிரல்பெயர்ப்பி, உரைத்தொகுப்பி முதலிய கருவிகளை உருவாக்கினர். ஆயினும், வன்பொருளை ஆளும் உட்கரு நிறைவு பெறவில்லை. அக்குறை எதிர்பாராத இடத்திலிருந்து தீர்ந்தது. பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தம் வீட்டுக் கணினியை நன்கு அறிந்துகொள்ளும் விருப்பத்தால் உட்கரு ஒன்றை எழுதினார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அதனை அறிவித்தபோது, தம் முயற்சி ஒரு பொழுதுபோக்கே என்றும் பெரிதாக வளராது என்றும் அவர் குறிப்பிட்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான முதற்பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. 1992இல் குனு பொது உரிமத்தின்கீழ் அது கொண்டுவரப்பட்டது. திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தின் மூலநிரலையும் அதே உரிமைகளுடன் வழங்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்நிலை. பெற்றதைப் பூட்டிவைக்க இயலாது என்பதால் பலரும் நம்பிப் பங்களித்தனர். இன்று லினக்ஸ் உட்கரு 3 கோடி வரிகளைக் கடந்துள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதன்மீதே இயங்குகின்றன. உலகின் முதன்மையான 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸையே பயன்படுத்துகின்றன.

தெரிந்து தெளிவோம்

டெபியன், ஸ்லாக்வேர் ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டவை. உட்கருவையும் பிற மென்பொருள்களையும் ஒன்றுசேர்த்து நிறுவுவதற்கேற்ப அளிப்பது வழங்கல் எனப்படும். மூலநிரலிலிருந்து அனைத்தையும் பயனரின் கணினியிலேயே உருவாக்கும் ஜென்டூ போன்ற வழங்கல்களும் உண்டு.

தாமே ஆக்கும் மகிழ்ச்சி

1990களின் பிற்பகுதியில் இணைய இணைப்பு மெதுவானதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. கணினி இதழ்களோடு இணைப்பாக வந்த குறுவட்டுகளே நம் நாட்டு ஆர்வலர் பலருக்கு லினக்ஸை அறிமுகப்படுத்தின. ஒருவரிடம் உள்ள வட்டு நண்பர் பலரது கைக்கு மாறியது. அவ்வாறு படியெடுப்பது குற்றமன்று. உரிமமே அதனை ஊக்குவித்தது.

உட்கருவைத் தாமே உருவாக்குவோர் முதலில் மூலநிரலைப் பெறுவர். அடுத்து, தம் கணினிக்கு வேண்டிய கூறுகளைத் தெரிவுசெய்வர். ஒவ்வொரு கூறுக்கும் உட்கருவிலேயே சேர்ப்பது, தேவைப்படும்போது ஏற்றத்தக்க தனிப்பகுதியாக வைப்பது, விட்டுவிடுவது எனப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. பின்னர் நிரல்பெயர்ப்பி தன் பணியைத் தொடங்கும். பழைய கணினிகளில் இதற்குப் பல மணிநேரம் ஆகும். இறுதியில் புதிய உட்கருவை நிறுவிக் கணினியை மீண்டும் தொடக்குவர்.

தேவையான ஒரு கூறு விடுபட்டிருப்பின் கணினி தொடங்காமலே நின்றுவிடும். ஆதலால் தேர்ந்தவர்கள் பழைய உட்கருவை நீக்காமல் தொடக்கப் பட்டியலில் வைத்திருப்பர். புதியது தவறினால் பழையதைக் கொண்டு கணினியைத் தொடக்கி, பிழைச்செய்தியைப் படித்து, காரணத்தைக் கண்டறிந்து, மறுமுறை முயல்வர். துணிவும் முன்னெச்சரிக்கையும் ஒருங்கே அமைந்த பயிற்சி இது. பிழையை மறைக்காமல் பிறரிடம் விளக்கி உதவி கேட்பதும், விடை கண்டபின் அதனை எழுதிவைப்பதும் இவ்வார்வலர்களிடம் காணப்படும் நற்பண்புகள்.

திரையில் ஏறிய தமிழ்

ஆர்வலர்களின் உழைப்பு தமிழுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை ஓர் எழுத்தைக் கொண்டே விளக்கலாம். ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பை முதலிலும், ககரத்தை இடையிலும், துணைக்காலை இறுதியிலும் இடுகிறோம். 1991 முதல் தமிழுக்கு இடமளித்துவரும் ஒருங்குறி முறையிலோ ககரமே முதலில் சேமிக்கப்படுகிறது. உயிர்க்குறி அதன்பின் வருகிறது. அவ்வுயிர்க்குறியைப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் அமைப்பது மென்பொருளின் கடமை. இந்த நுட்பம் சேர்க்கப்படாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம்மாறித் தமிழ் சிதைந்து தோன்றும்.

அகரவரிசையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. இந்திய எழுத்துகளுக்கான பொது அமைப்பைப் பின்பற்றியதால் ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் கணினி ‘மனம்’ என்பதை முன்னும் ‘மரம்’ என்பதைப் பின்னும் நிறுத்தும். தமிழ் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் இறுதியில் நிற்பவை. எனவே, ‘மரம்’ முன்னும் ‘மனம்’ பின்னும் வருதல் வேண்டும். அகராதி தொகுப்போருக்கும் பெயர்ப்பட்டியல் ஆயத்தம் செய்வோருக்கும் இது பெரும்பிழை.

மூடிய மென்பொருளில் இப்பிழை நேர்ந்தால் நிறுவனத்திற்கு முறையிட்டுக் காத்திருக்க வேண்டும். தமிழ்ப் பயனரால் ஆதாயம் உண்டெனக் கருதினால் அந்நிறுவனம் திருத்தும். இல்லையெனில் பிழை நீடிக்கும். திறந்த மூலநிரலில் நெடுங்கணக்கும் நிரலும் அறிந்த ஒருவரே அதனைத் திருத்தி வழங்கலாம். ஒரு மொழியின் எழுத்தொழுங்கு அயலாரின் வணிகக் கணக்கைச் சார்ந்திருக்க வேண்டுமா என்பதே இங்குள்ள முதன்மையான வினா.

2000ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர்கள் லினக்ஸ் திரைச்சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். தமிழ்நாட்டினரோடு இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்த தமிழரும் இப்பணியில் கைகோத்தனர். கோப்பு, சாளரம், உலாவி, கடவுச்சொல் முதலிய சொற்கள் திரையில் இடம்பெற்றன. ஈழத்தில் ‘கணனி’ என்றும் தமிழகத்தில் ‘கணினி’ என்றும் வழங்குவதைப் போன்ற வேறுபாடுகளை அவர்கள் எதிர்கொண்டனர். சொல்லாக்கம் அறிஞர் அவைக்கு மட்டும் உரியதாக இல்லாமல், இரவில் கண்விழித்து மொழிபெயர்த்த பொறியாளர்க்கும் மாணவர்க்கும் உரியதாயிற்று.

தமிழகம் நடந்த வழி

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பொதிகை மலைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் வழியே கணினிக்கல்வி வேரூன்றியது. தமிழகத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸைக் கொண்டுசெல்ல முனைந்தது. சென்னையிலுள்ள மேம்பட்ட கணினித்துறை வளர்ச்சி மையமான சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் இடம்பெற்றது.

அரசு முயற்சிக்கு இணையாக ஆர்வலர் குழுக்களும் தொண்டாற்றின. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடிக் கருத்துகளைப் பகிர்ந்தது. விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, பெருநகர வாய்ப்புகள் எட்டாத மாணவர்க்குக் கணினிப் பயிற்சி அளித்து வருகிறது. 2012இல் தொடங்கப்பட்ட ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்த செய்திகளைத் தமிழிலேயே வழங்குகிறது. பெருநகரத்தில் முளைத்த ஆர்வம் மாவட்டத் தலைநகரிலும் தழைக்கும் என்பதற்கு விழுப்புரம் சான்று. வண்ணார்பேட்டைக்கும் அவ்வழி திறந்தே உள்ளது.

தடைகளும் தெளிவும்

இவ்வழியில் இடர்கள் இல்லாமல் இல்லை. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் எளிதாக இயங்குவதில்லை. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களையும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களையும் சார்ந்திருக்கும் அச்சகத்தார், பல்லாண்டுக் கோப்புகளைக் கைவிட்டு மாறத் தயங்குவர். அவர்களது தயக்கம் நியாயமானதே. மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பினும் பழகியதை மட்டுமே திறப்போர் மிகுதி. கருவியை வழங்குவதோடு அதனைக் கற்பிக்கும் துணையும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

உரிமம் பெறாத படிகளைப் பயன்படுத்தும் வழக்கமும் ஒரு தடையே. களவாடிய படி கையில் இருக்கும்போது, நேர்மையாகக் கிடைப்பதன் அருமை புலப்படுவதில்லை.

மற்றொருபுறம், நிறுவனங்கள் தம் ஆதரவை நிறுத்தும்போது நல்ல நிலையிலுள்ள கணினிகளும் பாதுகாப்பை இழக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. குறைந்த நினைவகத்தில் இயங்கும் லினக்ஸ் வழங்கலை நிறுவினால் அத்தகைய கணினிகள் பலவற்றை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். புதியது வாங்க வசதியற்ற குடும்பத்தின் மாணவர்க்கு இவ்வறிவு பெருந்துணையாகும்.

எண்ணியல் குடிமராமத்து

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்கு நீரூட்டுகின்றன. கால்வாயைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் பயன்பெறுவோரே உழைப்பை நல்கிய முறை குடிமராமத்து எனப்பட்டது. நீரை மட்டும் பெற்றுக்கொண்டு மண்வெட்டி எடுக்க எவரும் வராத கால்வாய் நாளடைவில் தூர்ந்துபோகும்.

மூலநிரலுக்கும் இது பொருந்தும். மொழிபெயர்ப்பு நின்றால் அடுத்த பதிப்பில் ஆங்கிலச் சொற்களே மேலோங்கும். பிழையைத் தெரிவிப்பார் இல்லையெனில் அது நிலைத்துவிடும். நிரல் எழுதத் தெரிந்தவர் நிரலால் உதவலாம். தமிழறிந்தவர் திரையில் தோன்றும் ஒரு சொல்லைச் செம்மைப்படுத்தலாம். நிறுவத் தெரிந்தவர் அண்டைவீட்டாரின் பழைய கணினிக்கு உயிரூட்டலாம். பாலத்தைக் கடப்பவர் எல்லாரும் சுலோசன முதலியார் ஆக இயலாது. ஆயினும், பெயர்ந்த ஒரு கல்லை எடுத்துவைக்க எவராலும் இயலும்.

கலைச்சொற்கள்

மூலநிரல் – சோர்ஸ் கோடு
நிரல்பெயர்ப்பி – கம்பைலர்
இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
உட்கரு – கெர்னல்
ஒருங்குறி – யூனிகோடு
வழங்கல் – டிஸ்ட்ரிபியூஷன்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, அதில் காணும் கலைச்சொற்களுள் பத்தினைத் தொகுத்து அவற்றின் பொருத்தம் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. பவளம், பழம், மனம், மரம் ஆகிய சொற்களைத் தமிழ் அகரவரிசையில் எழுதுக. கணினியிலும் வரிசைப்படுத்தி இரண்டையும் ஒப்பிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. கட்டற்ற மென்பொருள் பயனருக்கு அளிக்கும் நான்கு உரிமைகள் யாவை?
2. ‘இலவசம்’, ‘கட்டற்றது’ – வேறுபடுத்துக.

சிறுவினா
1. ‘கொ’ என்னும் எழுத்தைத் திரையில் காட்டுவதில் உள்ள நுட்பத்தை விளக்குக.
2. புதிய உட்கருவை நிறுவுவோர் பழையதை நீக்காமல் வைத்திருப்பது ஏன்?

நெடுவினா
1. மூலநிரலைப் பேணுதல் குடிமராமத்தை ஒத்தது என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.