பெருக்கல் விருத்தியும் கொள்ளைநோயும்

பிளேக், பற்றீரியாவால் உண்டாகும் நோய். எலித் தெள்ளு மூலம் பரவுவது. (கப்பல் கயிறுகளில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைத் துறைமுகத்தில் கண்டிருப்பீர்கள். எலி இறங்காதிருக்கவே அது.) துறைமுக நகராகிய பம்பாயில் 1905-1906இல் பிளேக்கினால் வாராந்தம் இறந்தோர் தொகையை, கேர்மாக், மக்கென்ட்ரிக் என்போர் 1927இல் தமது கணித மாதிரியுருவுடன் ஒப்பிட்டனர். வரைபு ஏறிப் பின் இறங்கியது. ஏன் இறங்கியது?

முதலில் எளிய கணக்கு. நோயாளர் 3 பேர். ஒருவரிடமிருந்து 2 பேருக்குத் தொற்றும் எனக் கொள்க.
3, 6, 12, 24, ...
ஐந்தாம் உறுப்பு = 3 × 2⁴ = 48
இருபதாம் உறுப்பு = 3 × 2¹⁹ = 1 572 864

திருகோணமலை மாவட்டத்துச் சனத்தொகையையே இது விஞ்சிவிடும்! பொது விகிதம் மாறாது எனக் கொண்டதே காரணம். தேறியவருக்கு மீண்டும் தொற்றாது எனின், தொற்றக்கூடியோர் தொகை குறைந்துகொண்டே போகும். அது பாதியாகும்போது விகிதம் 2 × ½ = 1. அதன்பின் 1இலும் குறையும், வரைபு இறங்கும். ஆகவே, எல்லோருக்கும் தொற்றிய பின்னரே கொள்ளைநோய் ஓயும் என விடை எழுதுவது பிழை. பலர் இப்படித்தான் எழுதுகின்றனர்.

எலிகளிடையே நோய் பரவும் விதத்தை இக்கணக்குத் தனியே எடுத்துக்கொள்ளவில்லை. அது இதன் குறை.

பயிற்சி: தொடக்க விகிதம் 3 எனின், தொற்றக்கூடியோர் என்ன பின்னமாகும்போது ஏற்றம் நிற்கும்? (விடை: ⅓)